கராஜ் கதவுக்கு வெப்பக்காப்பு: நுரைப்பலகை வாங்குமுன் ஒரு கேள்வி

உளிச்சத்தம்:
வணக்கம் நண்பர்களே. வீட்டை ஒட்டிய கராஜில் மரவேலை மேசை ஒன்று போட்டிருக்கிறேன். பாதி இடம் காருக்கு, பாதி எனக்கு. சுவரிலும் கூரையிலும் வீடு கட்டும்போதே கண்ணாடிக் கம்பளி வைத்துவிட்டார்கள். கதவு மட்டும் வெறும் எஃகுத் தகடு. 4.9 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், மேலே மடங்கிப் போகிற நான்கு பேனல். மேலே முறுக்கு ஸ்பிரிங், மோட்டார் எல்லாம் உண்டு.

குளிர்காலத்தில்தான் தொல்லை. வெளியே 2 டிகிரி என்றால் உள்ளே 5. 1,500 வாட் ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டாலும் 9-ஐத் தாண்டுவதில்லை. மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை இந்தக் குளிரில் பிடிக்காது. காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். சென்ற மாதம் ஒட்டிய நாற்காலிக் கால் கையோடு வந்துவிட்டது.

50 மி.மீ. நுரைப்பலகை வாங்கிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். தெர்மாகோலா, அதைவிட அடர்த்தியான எக்ஸ்பிஎஸ்ஸா, பாலியூரித்தேன் வகை நுரையான பாலிஐசோவா? 50 போதுமா, 75 வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடகாற்று:
எதை வாங்கினாலும் இருபக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழித்தாளை மட்டும் வாங்காதீர்கள். நான் மூன்று வருடம் முன்பு அதைத்தான் கதவில் அப்படியே ஒட்டினேன். காப்பு அளவு என்று அட்டையில் பெரிய பெரிய எண் போட்டிருந்தது. குளிர்காலத்தில் ஒரு டிகிரி வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

கதவுக்காரர்:
தம்பி, நான் 20 வருடமாகக் கராஜ் கதவு மாட்டுகிற வேலையில் இருக்கிறேன். பலகையைக் கடைசியாக வாங்குங்கள். அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, இடுக்கு. நல்ல வெயில் நேரத்தில் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் காற்றும் வருகிறது. பெரும்பாலும் அடி ரப்பரின் இரண்டு மூலை, பக்கவாட்டில் நடுப்பகுதி, அப்புறம் தலைக்கு மேலே. அந்த இடுக்கோடு 75 மி.மீ. பலகை ஒட்டினாலும் குளிர் அந்த வழியாக வந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டு, எடை. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங். உங்கள் அளவுக்கு ஒற்றைத் தகட்டுக் கதவு 60, 70 கிலோ இருக்கும். ஸ்பிரிங் அந்த எடைக்கென்றே முறுக்கி வைத்தது. அதனால்தான் ஒரு கையால் தூக்க முடிகிறது. நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் ஸ்பிரிங்குக்குத் தெரியாத எடை. அதை மோட்டார் சுமக்கும், கொஞ்ச நாளில் அதன் பல்சக்கரம் தேயும்.

சோதிப்பது எளிது. கதவு முழுக்கச் சாத்தியிருக்கும்போதுதான் மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவிக்க வேண்டும். பாதி திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்பிரிங்கும் ஏற்கெனவே அறுந்திருந்தால் கதவு அப்படியே விழும். விடுவித்த பிறகு கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையை மெதுவாகத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சமநிலை சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே போனால் முறுக்கு அதிகம். பலகை ஒட்டுவதற்கு முன்பு ஒருமுறை, ஒட்டிய பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முறுக்கு ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே தொடாதீர்கள். அந்தத் தண்டில் சேர்ந்திருக்கும் விசை, கம்பி நழுவினால் மணிக்கட்டை உடைக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. இன்றும் அவரால் அந்தக் கையை முழுக்க மடக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
கதவுக்காரர் அண்ணன் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தால் மனதில் நிற்கும்.

முதலில் இடுக்கு. கதவின் சுற்றளவு 14 மீட்டர். சுற்றிலும் சராசரியாக 3 மி.மீ. இடைவெளி என்று வைத்தால் மொத்தம் 420 சதுர சென்டிமீட்டர். சுவரில் 20-க்கு 21 செ.மீ. அளவில் ஒரு ஓட்டை போட்டு, குளிர்காலம் முழுக்கத் திறந்து வைத்திருப்பதற்குச் சமம். அப்படி ஓட்டை இருந்தால் யாரும் ஒருநாள்கூட விட்டுவைக்க மாட்டோம். கோடாக நீண்டு கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

அடுத்து தடிமன். கதவின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். வெறும் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தை விடும். அந்த அளவிலாவது நிற்பதற்கும் எஃகு காரணமில்லை. தகட்டின் இருபுறமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப்படலம்தான் காரணம். ஆக மொத்தம் 900 வாட். உங்கள் ஹீட்டரில் பாதிக்கு மேல் கதவு வழியாகவே போய்விடுகிறது.

25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் வைத்தால் இந்த 900 சுமார் 165 ஆகும். 50 மி.மீ. வைத்தால் 92. முதல் 25 மி.மீ. மிச்சம் பிடித்தது 735 வாட். அடுத்த 25 மி.மீ. மிச்சம் பிடித்தது 73 வாட். பத்தில் ஒரு பங்கு! 75 மி.மீ. போனால் இன்னும் 30 வாட் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பேனல்களின் ஓரத்திலும் நடுவிலும் இருக்கிற எஃகுச் சட்டங்களில் பலகை வராது. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அப்படி வெறும் எஃகாக நிற்கிறது என்றால், அதன் வழியாக மட்டும் 90 வாட் போகும். மீதி ஒன்பது பங்கில் 25 மி.மீ. பலகை விடுகிற வெப்பம் 148 வாட். தடிமனை ஏற்றுவதைவிட வெறும் சட்டத்தை மெல்லிய நுரைப்பட்டையால் மூடுவது அதிகப் பலன் தரும்.

எடையும் பார்த்துவிட்டேன். உங்கள் கதவுக்கு 25 மி.மீ. தெர்மாகோல் ஏறக்குறைய 4 கிலோ, அதே தடிமனில் எக்ஸ்பிஎஸ் 8 கிலோ. 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் என்றால் 16 கிலோவைத் தாண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று 3 மி.மீ. பிளைவுட் மூடினால் அது தனியாக 18 கிலோ.

கதவுக்காரர்:
கணக்குப்பிள்ளை தம்பி, இதை நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். அந்த 735-க்கு 73 என்ற கணக்கை இனிமேல் சொல்லப்போகிறேன்.

பிளைவுட்டாவது பரவாயில்லை. ஒருவர் தீக்காப்புக்காக என்று கதவு முழுக்க 12 மி.மீ. ஜிப்சம் பலகை அறைந்துவிட்டார். ஒரு சதுர மீட்டர் 9 கிலோ. கதவின் எடையே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மோட்டார் தூக்க மறுத்ததும் அதன் விசைத் திருகைக் கூட்டிவிட்டார். விசையைக் கூட்டினால் கீழே குழந்தை இருந்தாலும் கதவு நிற்காமல் அழுத்தும். நல்லவேளையாக நான் போய்ப் பார்த்த அன்று அதைக் கழற்றிவிட்டோம். மோட்டார் திணறினால் விசையைக் கூட்டாதீர்கள், சமநிலையைப் பாருங்கள்.

மேற்குவெயில்:
இழைக்குள் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கதவு மேற்குப் பார்த்தது, அடர் பழுப்பு நிறம். கோடையில் மாலை நாலு மணிக்கு உள்பக்கத் தகட்டில் கை வைக்க முடியாது. கதவிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றாலும் முகத்தில் சூடு அடிக்கிறது. எனக்கும் இதே பலகைதானா? வெள்ளித்தாள் வெயிலுக்காவது உதவுமா?

கதவுக்காரர்:
முகத்தில் அடிக்கிறது என்றீர்களே, அது கதிராக வருகிற சூடு. அங்கேதான் வெள்ளித்தாளுக்கு வேலை. பெயின்ட் அடித்த தகடு தன் சூட்டைத் தாராளமாக வீசும். பளபளப்பான அலுமினியம் அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட வீசாது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பளபளப்பான முகம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். தகட்டோடு ஒட்டிவிட்டால் சூடு தொடுகையிலேயே கடந்துவிடும். வடகாற்று செய்ததில் தகட்டைத் தொட்ட பக்கத்து வெள்ளி முழுக்க வீண். குமிழிக்குள் இருக்கிற சில மி.மீ. காற்றும் அறைப்பக்க வெள்ளியும்தான் காப்பு, அது குளிருக்குப் போதவில்லை.

உங்களுக்கு, அலுமினியத் தாள் ஒட்டிய 25 மி.மீ. பலகையை, வெள்ளி முகம் அறைப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தூசியைத் துடையுங்கள். தூசி படிந்த வெள்ளி, வெள்ளியே இல்லை.

அதைவிட முக்கியம் வெளிநிறம். வெளிர் நிறத்துக்கு மாற்ற முடிந்தால் பாதிச் சூடு கதவுக்குள் ஏறாமலே போய்விடும். கருநிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பலகை ஒட்டினால் தகட்டின் சூடு உள்ளே போக வழியின்றித் தகட்டிலேயே தேங்கும். தெர்மாகோல் 75, 80 டிகிரியில் தளர ஆரம்பிக்கும். மேற்கு வெயிலில் கருந்தகடு அந்தப் பக்கம் நெருங்கிவிடும். உங்களுக்குப் பாலிஐசோதான் பாதுகாப்பு, அது சூடு தாங்கும்.

வடகாற்று:
அப்படியானால் குளிருக்கும் பாலிஐசோதானே சிறந்தது? ஒரே தடிமனில் அதற்குத்தானே காப்பு அதிகம்?

கணக்குப்பிள்ளை:
அறை வெப்பநிலையில் அளந்தால் ஆமாம். ஆனால் அதன் துளைகளுக்குள் அடைத்திருக்கும் வாயு கடும் குளிரில் ஓரளவு திரவமாகிவிடும், காப்பு குறையும். எக்ஸ்பிஎஸ், தெர்மாகோல் இரண்டும் குளிரில் சற்று மேம்படும். ஆகவே உறைபனி ஊரில் பாலிஐசோவுக்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி அட்டையில் போட்டிருக்கும் அளவு இருக்காது.

அட்டை எண் பற்றிச் சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பு வைத்தே விற்கும் இரட்டைத்தகட்டுக் கதவுகளின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, பெரும்பாலும் பேனலின் நடுவில் அளந்தது. மூட்டு, ஓரம், ரப்பர், கண்ணாடி ஜன்னல் எதுவும் அதில் சேராது. மாட்டிய கதவின் மொத்த மதிப்பு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். புதுக் கதவு வாங்குகிறவர்கள் முழுக் கதவுக்கான எண்ணைக் கேளுங்கள்.

தறிநூல்:
எல்லோரும் இடுக்கை அடைக்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று யாராவது கேட்டீர்களா? காரை உள்ளே நிறுத்துவதாக எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கதவுக்குப் புது ரப்பர் போட்ட முதல் வாரம். என் கணவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் காரை இயக்கினார். கண்ணாடியில் பனி விலகட்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு, வெளியே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. கராஜையும் வீட்டையும் இணைக்கும் உள்கதவின் அடியில் விரல் நுழைகிற இடைவெளி. குளிர்ந்த இன்ஜின் கக்கிய புகை கராஜில் தங்கி அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது. முன்பெல்லாம் கராஜ் கதவின் இடுக்கு வழியாக அது வெளியே போயிருக்கும். குழந்தை அந்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். நிறமோ மணமோ இல்லாத வாயு. அலாரம் இல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

வெளிக்கதவை இறுக்குவதற்கு முன்னால் உள்கதவை இறுக்குங்கள், அது தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்யுங்கள், வீட்டுக்குள் அலாரம் வையுங்கள். காரை வெளியே எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். கராஜில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், அதற்கு எரியக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அதைப் பொருத்தியவரைக் கேட்காமல் எந்த இடுக்கையும் அடைக்காதீர்கள்.

அப்புறம், தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகி ஒழுகும். மரத்தூள் பறக்கிற, பொறி வருகிற இடம் மரவேலை அறை. மூடாமல் வைக்கலாம் என்று சான்று உள்ள பலகைதானா என்று பாருங்கள். உங்கள் ஊர்க் கட்டட விதியையும் பார்த்துவிடுங்கள்.

உளிச்சத்தம்:
அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் உள்கதவின் அடியிலும் இடைவெளி இருக்கிறது, எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொதிகலன் கராஜில் இல்லை. உள்கதவு வேலையை இந்த வாரமே முடிக்கிறேன்.

மாடிவீடு:
எங்கள் கராஜுக்கு மேலே படுக்கையறை. தரை சில்லென்று இருக்கிறது, காலை வைக்க முடியவில்லை. நானும் கதவுக்கு இதையே செய்தால் தரை சூடாகுமா?

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் குறையும், தீராது. உங்களுக்குக் காப்பு வேண்டிய இடம் கராஜின் கூரை, அதாவது அறையின் தரைக்கு அடிப்பக்கம். அங்கே விட்டங்களுக்கு இடையில் கண்ணாடிக் கம்பளி இருந்தும் சில்லென்று இருந்தால், அது தரைப்பலகையைத் தொடாமல் கீழே தொங்கிப்போய், நடுவில் குளிர்காற்று ஓடுகிறது என்று அர்த்தம். கராஜ் கதவு இரண்டாம் வேலை.

வடகாற்று:
ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பலகையின் ஓரங்களையெல்லாம் டேப் போட்டு மூடச் சொல்கிறார்கள். அப்படி மூடினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு தகடு துருப்பிடிக்கும். நான் கொஞ்சம் தளர்வாக, காற்றாட வைத்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

கதவுக்காரர்:
நியாயமான பயம்தான். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தகட்டுக்கு வெளியிலிருந்து வருவதில்லை, அறைக்குள்ளிருந்து வருகிறது. மழையில் நனைந்த கார், அதன் சக்கரத்தில் ஒட்டிய பனி, நம் மூச்சு. பலகை தளர்வாக இருந்தால் அந்த ஈரக்காற்று பின்னால் போய்க் குளிர்ந்த தகட்டைத் தொடும், அங்கே நீராகும், வெளியே வர வழி தெரியாது. நான் கழற்றிப் பார்த்த கதவுகளில் மோசமாகத் துருப்பிடித்தவை எல்லாம் தளர்வாகச் செருகியவைதான். பலகையைத் தூக்கினால் பின்னால் தண்ணீர் வழிந்த கோடு கோடாகத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
எண்ணில் சொன்னால், 15 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 9 அல்லது 10 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடும். பலகைக்குப் பின்னால் தகடு 3 டிகிரியில் இருக்கும். காற்று அங்கே போனால் நீர் நிச்சயம்.

வடகாற்று:
சரி, ஒப்புக்கொள்கிறேன். என் கதவின் குமிழித்தாளை ஓர் ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் ஈரமாகத்தான் இருக்கிறது.

கதவுக்காரர்:
அதை முழுக்கப் பிரித்துக் காயவிடுங்கள். துருவைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு கை அடித்த பிறகு பலகை வையுங்கள். கீழ்ப் பேனலின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருந்தால் அவற்றை மட்டும் அடைக்காதீர்கள், வெளியிலிருந்து கசிகிற மழைநீர் போக அதுதான் வழி. நனைந்த காரை உள்ளே விட்டால் தரையைத் துடைத்துவிடுங்கள். அதுவே பாதி வேலை.

ஷட்டர்வீடு:
என்னுடையது சுருட்டிக்கொண்டு மேலே போகிற ஷட்டர். இதில் பலகை ஒட்ட முடியுமா?

கதவுக்காரர்:
முடியாது. சுருளும்போது ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன் மேல் உட்கார வேண்டும், ஒட்டிய எதுவும் பிய்ந்து சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டு வழித்தடத்தில் தூரிகைப் பட்டை, அடியில் ரப்பர், மேலே சுருள் உட்காரும் பெட்டியின் வாயில் ஒரு தடுப்பு, இவ்வளவுதான் செய்யலாம். உள்ளே ஓர் அடி தள்ளித் தடித்த திரை தொங்கவிட்டால் நல்ல பலன் தெரியும். மாற்றுவதாக இருந்தால் உள்ளே நுரை நிரப்பிய பட்டைகளால் ஆன ஷட்டர் கிடைக்கிறது, ஆனால் பட்டை மெலிது என்பதால் பேனல் கதவு அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

உளிச்சத்தம்:
நண்பர்களே, மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னபடி இருட்டில் நின்றேன். அடியில் வலது மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு. பத்து வருடமாக அதன் முன்னால்தான் நின்று வேலை செய்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. அடி ரப்பரை மாற்றினேன். பழையது கல்லாக இறுகியிருந்தது, மடக்கியதும் வெடித்தது. பக்கமும் மேலும் புதுப் பட்டை, கதவைச் சாத்தி வைத்து, ரப்பர் உதடு மெல்ல வளைகிற அளவுக்கு அழுத்தி ஆணி அடித்தேன். இதற்கு ஒரு முழுநாள். மறுநாள் காலை வெளியே அதே 2 டிகிரி, உள்ளே 7.

அடுத்து சமநிலை. கயிற்றை விடுவித்து இடுப்பு உயரத்தில் விட்டேன், நின்றது.

பலகைக்கு எக்ஸ்பிஎஸ் 25 மி.மீ., மூடாமல் வைக்கலாம் என்ற சான்று உள்ளதாகத் தேடி எடுத்தேன். ஒரு தவறு செய்துவிட்டேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன். வீட்டில் இருந்த காலணி ஒட்டும் பசையை ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் பலகை உள்வாங்கிக் குழியாகிவிட்டது, சர்க்கரை கரைகிற மாதிரி. பசையில் இருக்கிற கரைப்பான் இந்த நுரையைத் தின்றுவிடுகிறது. நுரைக்கென்று எழுதியிருக்கும் பசைதான் வேண்டும். துண்டில் சோதிக்காமல் முழுக் கதவில் தடவியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

வெட்டுவதில் ஒரு நுணுக்கம் பிடிபட்டது. பேனலின் மேலும் கீழும் தகடு உள்பக்கம் மடிந்து ஒரு உதடு மாதிரி இருக்கிறது. அந்த உதட்டுக்கு அடியில் போகும்படி பலகையை உயரத்தில் 12 மி.மீ. கூடுதலாக வெட்டி, நடுவில் லேசாக வளைத்து, மேல் உதட்டுக்குள் முதலில் விட்டு, கீழ் உதட்டுக்குள் தள்ளினால் ‘டப்’ என்று உட்காருகிறது. அப்படி உட்கார்ந்ததற்குப் பசை நாலு பொட்டு போதும். வளையாமல் முறுக்கிக்கொண்டால் பின்பக்கம் கட்டரால் அரைத் தடிமனுக்கு ஒரு கீறல் போட்டேன், பணிந்துவிட்டது. எந்தப் பலகையும் ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்குத் தாண்டவில்லை. மூட்டு மடங்குகிற இடத்தில் தாண்டினால் முதல் தடவையே உடையும். கீல், ரோலர் எதையும் மூடவில்லை. மேல் பேனலில் மோட்டார் கை பிடிக்கிற இடத்தைச் சுற்றி வெட்டினேன்.

செங்குத்துச் சட்டங்களின் மேல் 6 மி.மீ. நுரைப்பட்டை, ஓரங்களில் அலுமினிய டேப்.

முடித்த பிறகு மறுபடி இடுப்பு உயரத்தில் விட்டேன். மெதுவாகக் கீழே இறங்கியது. 8 கிலோ, எதிர்பார்த்ததுதான். ஒருவரை அழைத்து ஸ்பிரிங்கைச் சரிசெய்தேன், அவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். இப்போது நிற்கிறது. கதவுக்கு அடியில் 40 மி.மீ. உயரக் கட்டையைப் படுக்க வைத்து மோட்டாரால் சாத்திப் பார்த்தோம், தொட்டதும் திரும்பி மேலே போனது.

வெளியே 2 டிகிரி, அதே ஹீட்டர், அதே இரண்டு மணி நேரம்: உள்ளே 14. இன்னொன்றும் மாறியிருக்கிறது. கதவு ஏறும்போது தகரம் அதிர்கிற சத்தம் போய்விட்டது.

ஒரே குறை. வலது மூலையில் இன்னும் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிகிறது. தரை அங்கே அரை அங்குலம் இறங்கியிருக்கிறது.

கதவுக்காரர்:
அருமையாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த மூலைக்குத் தரையில் ஒட்டுகிற ரப்பர் வாசற்படி வாங்குங்கள். தரையைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, கதவைச் சாத்தி உள்பக்க ஓரத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டி ஒட்டுங்கள். பள்ளமான இடத்தில் அடியில் பசையைச் சற்றுத் தடிமனாக விடுங்கள். ஒருநாள் கார் ஏறக் கூடாது. அடி ரப்பருக்கு மாதம் ஒருமுறை சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். உறைபனி இரவில் ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டால் காலையில் மோட்டார் அதைக் கிழித்துவிடும். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

உளிச்சத்தம்:
ஒட்டிவிட்டேன் அண்ணா. நேற்றுப் பகல் விளக்கணைத்து நின்றேன், எங்கேயும் வெளிச்சம் இல்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. தறிநூல் அக்கா, உள்கதவுக்கும் அடிப்பட்டை போட்டு, தானாகச் சாத்தும் கீல் வைத்தாயிற்று. அலாரம் படுக்கையறை வாசலில்.

இன்று நாற்காலிக் காலை மறுபடி ஒட்டினேன். உள்ளே 15 டிகிரி. கிளாம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது பசை வெளுக்கவில்லை, கண்ணாடி மாதிரி தெளிவாகக் காய்ந்திருக்கிறது.